மறுப்பதற்கு முன் ஒரு மடல்

1934ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள், பிற்பகல் இரண்டு மணியைக் கடந்த வேளையில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா முதலிய நகரங்களில் வீடுகளும் கடைவீதிகளும் சரிந்தன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பழம்பெரும் கோயில்கள் வீழ்ந்தன. கங்கைச் சமவெளியின் வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டெழுந்தன. விளைந்து நின்ற நிலங்கள் மணல்மேடாயின. 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது சிறையிலிருந்த இராஜேந்திர பிரசாத் இரண்டு நாள் கழித்து விடுவிக்கப்பட்டு, நோயுற்ற உடலோடு துயர்துடைப்புப் பணியை ஏற்றார். நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது.

அந்நாள்களில் காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிரான நெடும்பயணத்தில் இருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய அப்பயணம் ஒன்பது மாதங்கள் நீடித்தது. கோயில்களும் கிணறுகளும் பள்ளிகளும் எல்லார்க்கும் திறக்கப்பட வேண்டும் என்று ஊர்தோறும் அவர் பேசினார். சனாதனிகள் கறுப்புக்கொடி ஏந்தி அவரைப் பின்தொடர்ந்தனர். ஜனவரி இறுதியில் பயணம் தமிழகத்தின் தென்பகுதியை எட்டியது. 24ஆம் நாள் திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பீகாரின் துயரத்தை எடுத்துரைத்து உதவி வேண்டிய அவர், அத்துடன் நிற்கவில்லை. தம்மை மூடநம்பிக்கையாளன் என்று அழைத்தாலும் அழைக்கலாம் என்று முன்னுரைத்துவிட்டு, அந்நிலநடுக்கம் நம் பாவங்களுக்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்றே தம்மால் எண்ண முடிகிறது என்றார். எந்தப் பாவம் என்பதிலும் அவர் ஐயம் வைக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர்க்கு இழைக்கப்பட்டு வரும் தீண்டாமைக் கொடுமையே அப்பாவம்.

செய்தித்தாள்கள் அப்பேச்சைச் சுமந்து சென்றன. வங்கத்தில், சாந்திநிகேதனில், 72 வயதான இரவீந்திரநாத் தாகூர் அதைப் படித்தார்.

படித்தவர் வாய்மூடி இருந்திருக்கலாம். அதற்குரிய காரணங்கள் அவருக்கு ஏராளம். நாடு துக்கத்தில் இருந்தது. இறந்தோரை எண்ணி முடிக்கும் முன்னரே வாதம் தொடங்குவது அழகன்று என்று ஒருவர் எண்ணினால் அதைக் குறைகூற முடியாது. காந்தி எதிர்த்துப் போரிட்டது தீண்டாமையை. அதே தீண்டாமையைத் தாகூரும் வெறுத்தார். 1932 செப்டம்பரில், எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பை முடித்தபோது அருகிருந்து பாடியவர் அவரே. கறுப்புக்கொடி பிடித்தோர் நாற்புறமும் சூழ்ந்து நிற்கும் வேளையில், காந்தியின் சொல்லைத் தாகூரே மறுத்தார் என்றால் மகிழ்வோர் யார் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஓர் இயக்கத்தின் உள்ளிருக்கும் நண்பர்க்கு எதிரியைக் காட்டிலும் பெரிய தடை இதுதான்: உண்மையைச் சொன்னால் நம் பக்கம் தளருமோ என்னும் அச்சம். நல்ல நோக்கத்தின் பெயரால் எத்தனையோ தவறான வாதங்கள் மறுப்பாரின்றி உலவுவதற்கு இவ்வச்சமே காரணம்.

உடனே மறுத்து எழுதி ஏடுகளுக்கு அனுப்பியிருக்கவும் இயலும். அவருடைய ஒரு வரிக்கும் அன்று ஏங்கிய ஏடுகள் பல. தாகூர் இவ்விரண்டையும் செய்யவில்லை. ஒரு மறுப்புரை எழுதினார். கூடவே ஒரு மடலும் எழுதினார். 28ஆம் நாளிட்ட அம்மடலோடு மறுப்பைக் காந்திக்கே அனுப்பினார். தாங்கள் இவ்வாறு பேசியதாக ஏடுகள் கூறுகின்றன, என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் இதுவே தங்கள் உண்மையான கருத்தானால் இது மறுக்கப்படாமல் போகக்கூடாது என்பது அம்மடலின் சாரம். செய்தி சரியென்றால் இம்மறுப்பைத் தாங்களே ஏடுகளுக்கு அனுப்பிவையுங்கள் என்று வேண்டிக்கொண்டதோடு, உறுதிப்படாத செய்தியை வைத்துத் தங்களைக் குறைகூறுவோரில் கடைசி ஆளாகவே இருப்பேன், ஆகையால் நான் அதை வெளியிடவில்லை என்றும் அவர் தெரிவித்தார்.

ஒரு மறுப்பை, மறுக்கப்படுபவரின் கையிலேயே கொடுத்து, அதை உலகறியச் செய்யும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைப்பது வழக்கமான செயலன்று. இருவர்க்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நிலவிய உறவையும் பிணக்கையும் அறிந்தால்தான் அம்மடலின் அருமை விளங்கும்.

பழைய பிணக்குகள்

தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பைச் சேர்ந்த சிறுவர்கள் இந்தியா வந்தபோது அவர்களுக்கு நிழல் தந்தது சாந்திநிகேதன். 1915இல் அங்கு வந்த காந்தி, பள்ளியின் சமையலையும் துப்புரவையும் மாணவரும் ஆசிரியருமே ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். விருந்தாளியாக வந்தவர் வீட்டு ஒழுங்கையே மாற்றச் சொல்வது போன்றது அது. ஆயினும் தாகூர் இசைந்தார். அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் தொடங்கிய அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்நாளை ஆண்டுதோறும் ‘காந்தி புண்யாஹ’ என்று சாந்திநிகேதனில் கொண்டாடுகிறார்கள். அன்று பணியாளர்க்கு ஓய்வு. சமைப்பதும் கூட்டுவதும் மாணவரும் ஆசிரியரும்.

ஒத்துழையாமை இயக்கம் நாட்டை ஆட்கொண்ட 1921இல் முதற்பெரும் கருத்துமோதல் நிகழ்ந்தது. மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய தாகூர், ‘சத்தியத்தின் அழைப்பு’ என்னும் பொருளில் கல்கத்தாவில் உரையாற்றினார். அது ‘மாடர்ன் ரிவியூ’ இதழில் வெளிவந்தது. ஏழைகளின் குடிசை வாயிலில் அவர்களுள் ஒருவராக நின்று அவர்கள் மொழியிலேயே பேசிய முதல் தலைவர் காந்தி என்று மனமாரப் போற்றிய அதே உரையில், நூல் நூற்றால் விடுதலை வரும் என்பதை ஆராயாமல் ஏற்கும் கூட்டத்தைக் கண்டு அவர் அஞ்சினார். கேள்வி கேட்பதே குற்றமாகிவிட்ட சூழலில் பெறும் விடுதலை எத்தகையது என்பது அவர் கவலை. உடுக்கத் துணியில்லாத மக்கள் முன்னே அயல்நாட்டுத் துணிகளைக் கொளுத்துவதும் அவருக்கு ஒப்பவில்லை. செப்டம்பரில் காந்தி கல்கத்தாவில் அவர் இல்லத்துக்கே சென்று பேசினார். உடன்பாடு பிறக்கவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் ‘யங் இந்தியா’வில் காந்தி எழுதிய மறுமொழிக்கு அவர் இட்ட தலைப்பு ‘மாபெரும் காவலர்’ என்னும் பொருள் தருவது. மதவெறி, சோம்பல், சகிப்பின்மை ஆகிய பகைகள் வரும்போது குரல் கொடுத்து எழுப்பும் காவலர் தாகூர் என்று ஏற்றுக்கொண்டுவிட்டுத்தான், பசித்தவன் முன் இறைவன் வேலையாகவும் கூலியாகவும் வரும் உணவாகவும் மட்டுமே தோன்ற முடியும் என்று அவர் வாதிட்டார். கவிஞரும் மற்றவர்களைப் போல நூற்கட்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவர் தயங்கவில்லை.

நான்காண்டுகளுக்குப் பின் இராட்டை மீண்டும் வழக்குமன்றம் ஏறியது. இராட்டையில் தாகூர் ஆர்வம் காட்டவில்லை என்று வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் அச்சில் கடிந்துகொள்ள, அதற்கு விடையாகத் தாகூர் 1925 செப்டம்பரில் இராட்டை வழிபாட்டைச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாரையும் ஒரே வேலையில் ஒரே அச்சில் வார்ப்பது மனித இயல்பைக் குறுக்கும் என்பது அவர் வாதம். நண்பர்கள் மறுமொழி எழுதுமாறு காந்தியை நெருக்கினர். அவர் விரைந்து எழுதவில்லை, நவம்பரில்தான் எழுதினார். வேலை மிகுதி ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் அவரே சொல்கிறார்: கட்டுரை வெளிவந்த சூட்டில் படித்தவர்கள் கொதிப்பில் இருந்தார்கள், அப்போது எழுதியிருந்தால் எதையும் அவர்கள் அமைதியாக எடைபோட்டிருக்க மாட்டார்கள். கவிஞரின் குறைகூறலுக்குப் பொறாமையே வேர் என்று அந்நாளில் கிசுகிசுக்கப்பட்ட பேச்சையும் காந்தி எடுத்து, அடிப்படையற்றது என்று ஒதுக்கினார். தம் பக்கம் நின்று எதிர்ப்பக்கத்தாரின் உள்நோக்கத்தைக் கொச்சைப்படுத்தியவர்களை அவரே அடக்கினார் என்பது கவனித்தற்குரியது. எதிரணியை அடக்குவது எளிது. தன் அணியை அடக்குவதற்குத்தான் துணிவு வேண்டும்.

அக்கட்டுரையில் ஓரிடம் 1934ஆம் ஆண்டு மடலுக்கு நேரே வழிகாட்டுகிறது. தாகூரின் எல்லா வாதங்களையும் விட ஒன்றே ஒன்றுதான் தம்மைப் புண்படுத்தியது என்கிறார் காந்தி. சீர்திருத்தச் செம்மல் இராம்மோகன் ராயைத் தாம் ஒரு குள்ளர் என்று எண்ணுவதாகக் கவிஞர் நம்பிவிட்டார். அந்நம்பிக்கை வாய்ப்பேச்சில் பொறுக்கியது என்பதே அவர் மனக்குறை. மேலைக் கல்வி பெறாமலே உயர்ந்த பண்பாட்டை எய்தலாம் என்று கட்டாக்கில் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது, இராம்மோகன் ராயின் பெயரை ஒருவர் எடுத்தார். உபநிடதங்களை இயற்றிய பெயரறியாப் பெரியோரோடு ஒப்பிட்டால் அவர் சிறியவர்தாம் என்று அப்போது சொன்னது உண்டு. மற்றபடி தமக்கும் அவர் பேருருவரே என்று காந்தி விளக்கினார். ஒப்பீட்டைக் களைந்துவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். வாய்மாறி வந்த சொல் செய்யும் வேலை எப்போதும் இதுதான். அது பொய்யாக இருக்க வேண்டுவதில்லை, பாதி உண்மையாக இருந்தால் போதும்.

இதனைத் தாகூர் மறந்திருக்க மாட்டார் என்று கருத இடமுண்டு. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திருநெல்வேலிச் செய்தி வந்தபோது, ‘தாங்கள் சொன்னது இதுதானா?’ என்று அவர் கேட்டுவிட்டுத்தான் மறுத்தார்.

மறுப்பு

கேட்ட முறையில் பணிவு இருந்தமையால் மறுப்பும் மென்மையாக இருந்திருக்கும் என்று எண்ணுவது தவறு. இயற்கைப் பேரிடர்க்குத் தவிர்க்க முடியாத காரணம் இயற்பொருள்களின் சேர்க்கையில்தான் உண்டு என்று அது கூறுகிறது. அறிவியலுக்கு ஒவ்வாத இத்தகைய விளக்கத்தை நம் நாட்டு மக்களுள் பெரும்பகுதியினர் எளிதில் ஏற்பார்கள் என்பதால்தான் இது பெருந்தீங்கு என்கிறார் தாகூர். அடுத்து வரும் வாதம் கூரியது. நாகரிகமுடைய எந்த அரசனும், குற்றம் செய்து தொலைவில் பாதுகாப்பாக இருப்போரை அச்சுறுத்துவதற்காக, வழியில் அகப்பட்டோரை வரைமுறையின்றிக் கொல்வானா? கொல்லப்பட்டோரில் குழந்தைகளும் உண்டு. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோரே உண்டு. இறைவன் அவ்வாறு செய்தான் என்று சொன்னால், அந்த இறைவனைக் காட்டிலும் மனிதனின் அறவுணர்வு உயர்ந்தது என்று ஒப்புக்கொள்ள நேரும்.

தீண்டாமையை எதிர்த்துச் சொல்லப்பட்ட ஒரு வாதத்தில், தீண்டாமைக்கு ஆளானவர்களே இருமுறை பலியாகிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. முதலில் சாதி அவர்களை வதைத்தது. பின்பு, வதைத்த குற்றத்துக்கான தண்டனையும் அவர்கள் தலையிலேயே இடிந்து விழுந்தது.

தாகூர் இன்னும் ஒன்று சொன்னார். இவ்வகை வாதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் மிகவும் பொருந்தும். காந்தியும் அவரைப் பின்பற்றுவோரும் செய்த செயல்களால்தான் இறைச்சினம் மூண்டது என்று சனாதனிகள் சொல்லியிருந்தாலும் தமக்கு வியப்பில்லை என்றார். வானத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது யார் பக்கமும் சாட்சி சொல்லும். கோயிலைத் திறக்காததால் நிலம் நடுங்கியது என்று ஒருவர் சொல்லலாமெனில், கோயிலைத் திறக்கச் சொன்னதால் நடுங்கியது என்று மற்றொருவர் சொல்ல என்ன தடை? நல்ல நோக்கத்துக்காகத் தீட்டப்பட்ட அறமற்ற ஆயுதம் நாளை எவர் கைக்கும் போகும்.

மறுப்பின் இறுதிப்பகுதியில் நன்றியும் வருத்தமும் கலந்து நிற்கின்றன. நாட்டு மக்களின் உள்ளத்திலிருந்து அச்சத்தையும் வலுவின்மையையும் போக்கியவர் காந்தி. அதற்காக அனைவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் வாயிலிருந்து பிறந்த ஒரு சொல்லே பகுத்தறிவின்மைக்கு வலுவூட்டுமானால் அது ஆழமாக வருத்துகிறது என்றார். இப்புகழ்ச்சி மறுப்பின் கசப்புக்குத் தடவிய தேன் அன்று. காந்தி பெரியவர் என்பதே மறுப்புக்குக் காரணம். சிறியவர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால் தாகூர் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டார்.

எதிராளியின் ஏட்டில்

நீலகிரியில் குன்னூரில் தங்கியிருந்த காந்தியை மடல் சென்றடைந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் அவர் மறுமொழி எழுதினார். செய்தித்தாள் திரித்துவிட்டது என்று நழுவ அவருக்கு வாய்ப்பிருந்தது. பொதுவாழ்வில் உள்ளோர் பலரும் நாடும் வாயில் அது. அவர் அதை நாடவில்லை. அப்பொருள் பற்றித் தாம் எழுதியவற்றைப் பார்க்குமாறு சொல்லி, பார்த்தபின்னும் மறுப்பு வெளிவர வேண்டும் என்று தாகூர் கருதினால் அங்கோ இங்கோ விரும்பிய இடத்தில் உடனே வெளியிடலாம் என்றார்.

பிப்ரவரி 16ஆம் நாளிட்ட ‘ஹரிஜன்’ இதழில் தாகூரின் மறுப்பு வெளிவந்தது. தீண்டாமை ஒழிப்புக்கென்றே காந்தி ஓராண்டுக்கு முன் தொடங்கிய வார இதழ் அது. அதே இதழில் காந்தியின் விடையும் இருந்தது.

தமிழில் இதற்கு நெடிய மரபு உண்டு. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழா தொடங்கும்போது சமய வாதிகள் பட்டிமண்டபம் ஏறி முறைப்படி வாதிடுமாறு அழைக்கப்படுகிறார்கள். அதே காப்பியத்தில் வஞ்சி நகரில் மணிமேகலை பல்வேறு சமயத்தாரின் கொள்கைகளை ஒவ்வொருவராக வினவிக் கேட்கிறாள். அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார் ‘பரபக்கம்’, ‘சுபக்கம்’ என இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கையை முதலில் நிறுத்தி ஆராய்ந்த பின்னரே தன் கொள்கையை நிறுவும் முறை அது. எனினும் ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். பரபக்கத்தில் எதிராளியின் கொள்கையை எடுத்துரைப்பவரும் நூலாசிரியரே. எவ்வளவு நேர்மையோடு உரைத்தாலும் சொற்கள் அவருடையவை. ‘ஹரிஜன்’ இதழில் எதிராளி தம் சொல்லாலேயே பேசினார். ஒரு வரியையும் வளைத்துக்காட்டும் வாய்ப்பைக் காந்தி தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. தம்மை மட்டுமே நம்பிப் படிக்கும் வாசகர் முன், தம்மைக் காட்டிலும் நன்றாக எழுத வல்ல ஒருவரின் மறுப்பை அவர் நிறுத்தினார்.

அவருடைய விடை உறவைச் சொல்லித் தொடங்குகிறது. சாந்திநிகேதனில் உள்ளோர்க்கு எப்படியோ அப்படியே தமக்கும் தாகூர் ‘குருதேவர்’. தமக்கும் தம்மவர்க்கும் புகலிடம் தந்தவர். கருத்து வேறுபாடுகளைத் தொடக்கத்திலேயே இருவரும் கண்டுகொண்டனர். அவற்றால் அன்பு குறைந்ததில்லை. தாம் தவறுவதாகக் கருதியபோது மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டுக் காந்தி இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. வறட்சி, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை இயற்கையின் விளைவாகத் தோன்றினாலும் மனிதரின் ஒழுக்கத்தோடு எவ்வகையிலோ தொடர்புடையவை என்பது தம் நெடுநாள் நம்பிக்கை என்றார். இறைவனின் விதிகள் அனைத்தையும் யாரும் அறியார். மாபெரும் அறிவியலாரின் அறிவும் ஒரு துகளளவே. தம்மால் மெய்ப்பிக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் நகைப்புக்கு அஞ்சித் தாம் நம்புவதை மறைத்தால் அது பொய்மையும் கோழைமையும் ஆகும் என்றார்.

ஓரிடத்தில் மட்டும் அவர் தமக்கே ஓர் எல்லைக்கோடு வரைந்தார். தம் அறியாமையின் ஆழத்திலிருந்து இந்நம்பிக்கையை எடுத்து எதிரிகளைச் சாடப் பயன்படுத்தினால், அது இழிவான மூடநம்பிக்கையே ஆகும் என்றார். தாகூர் காட்டிய இடரை அவர் காதில் வாங்கிக்கொண்டார் என்பதற்கு இவ்வரி சான்று. அக்கோட்டைத் திருநெல்வேலி மேடையிலேயே அவர் தாண்டிவிட்டாரா என்று கேட்பவர்க்கு எளிதில் விடை கூற முடியாது. குழந்தைகளைப் பற்றிய வினாவுக்கும் அவருடைய விடையில் நிறைவான மறுமொழி இல்லை.

யார் பக்கம் உண்மை என்பதில் நடுநிலை வேண்டுவதில்லை. நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை தாகூர் சொன்னதே சரி. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசிய நிலப்பகுதியின் கீழ்ச் சொருகுவதால் இமயத்தின் அடிவாரத்தில் அழுத்தம் சேர்ந்து, பாறைகள் திடீரென விலகும்போது நிலம் நடுங்குகிறது. இவ்விளக்கம் தெளிவுற்றது 1960களில்தான். 1934இல் இருவரும் இதனை அறியார். ஆயினும் காரணம் தெரியாத இடத்தைப் பாவத்தால் நிரப்பக்கூடாது என்பதற்குத் தாகூர்க்குத் தட்டுக் கொள்கை தேவைப்படவில்லை. ஜவகர்லால் நேரு முங்கேரின் இடிபாடுகளிடையே தாமே மண்வெட்டி பிடித்தவர். காந்தியின் கூற்று தம்மைத் திடுக்கிட வைத்ததாகவும், தாகூரின் விடையை முழுமையாக ஏற்றதாகவும் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரும் காந்தியை விட்டு விலகவில்லை.

ஒருவர் சரி, மற்றவர் தவறு என்றால் இந்த உரையாடலால் விளைந்த பயன் என்ன என்ற கேள்வி எழும். காந்தி மனம் மாறவில்லை, தாகூரும் மாறவில்லை. மாறியவர் வேறொருவர் இருக்கக்கூடும். ‘ஹரிஜன்’ வாசகர் ஒருவர் அவ்வாரம், தாம் வணங்கும் தலைவரின் சொல்லும் அதற்கு எதிரான சொல்லும் ஒரே இதழில் இருக்கக் கண்டார். இரண்டில் எது சரி என்று தீர்மானிக்கும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. 1921இல் தாகூர் அஞ்சியது மக்கள் ஆராயாமல் பின்செல்வார்கள் என்பதையே. அவ்வச்சத்துக்குக் காந்தியால் தரக்கூடிய மிகச் சிறந்த விடை, வாதத்தால் அன்று, தம் ஏட்டில் ஒதுக்கிய இடத்தால் தரப்பட்டது.

அவ்விதழுக்குப் பின்பும் இருவரும் தத்தம் வழியே சென்றனர். மார்ச் மாதம் காந்தி பீகாருக்குச் சென்று துயருற்றோரிடையே பணியாற்றினார். 1936இல், 75 வயதை நெருங்கிய தாகூர் விசுவபாரதிக்கு நிதி திரட்டுவதற்காக நாட்டிய நாடகக் குழுவுடன் ஊர் ஊராகச் செல்வதை அறிந்து காந்தி வருந்தினார். டெல்லியில் அவருக்கு ரூ.60,000 கிடைக்க வழிசெய்து, பயணத்தை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்குமாறு வேண்டினார். இராட்டையைப் பற்றிய வாதம் அதனால் தீர்ந்துவிடவில்லை. தாகூர் நூற்கவும் தொடங்கவில்லை.

1940 பிப்ரவரியில் காந்தியும் கஸ்தூரிபாவும் சாந்திநிகேதன் வந்தார்கள். தாகூரின் உடல்நிலை தளர்ந்திருந்தது. விருந்தினர் புறப்படும் வேளையில் அவர் ஒரு மடலைக் காந்தியின் கையில் வைத்தார். தம் வாழ்வின் செல்வம் அனைத்தையும் ஏற்றிய மரக்கலம் போன்றது விசுவபாரதி; தமக்குப் பின் அதனைக் காந்தி தம் காப்பில் ஏற்க வேண்டும் என்பது வேண்டுகோள். அவரைச் சுற்றி அவர் சொல்லை மறுத்தறியாத அன்பர்கள் பலர் இருந்தனர். மரக்கலத்தை ஒப்படைக்க அவர் தேர்ந்தது, இருபது ஆண்டுகள் தம்மோடு வாதிட்டவரை.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் தாகூர் மறைந்தார். அம்மடலைக் காந்தி மௌலானா அபுல் கலாம் ஆசாத்திடம் காட்டியிருந்தார். ஆசாத் விடுதலை இந்தியாவின் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1951இல், நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று.